நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் குழந்தை

லுஸ்மேரா கும்பனுக்கு அம்மா வைத்தது ஒரு சோப்பின் பெயர். பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் இதெல்லாம் பெரிய அதிசயம் இல்லை. அவளுடைய அண்ணன் பெயர் ஒரு பற்பசை. இரண்டு வருடமாக ‘லுஸ்மேரா டாட் பிஎச்’ என்ற இணைய முகவரியில் பிபிங்கா என்ற அரிசிமாவு கேக் சுட்டு விற்கிறாள். திருவிழா ஆர்டர் முழுக்க அதில்தான் வருகிறது. அந்த முகவரியைத்தான் சோப்புக் கம்பெனி இப்போது பிடுங்கப் பார்க்கிறது.

கம்பெனி வக்கீல் அட்டர்னி பெனிக்னோ கடைக்கே வந்துவிட்டார். கையில் தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு. இந்த மாதிரித் தகராறுகளைத் தீர்க்கும் நடுவருக்குப் போன வாரம் அனுப்பிய மனுவின் நகல்.

“விட்டுக்குடுத்துட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க மேம். லுஸ்மேரா எங்க முத்திரைப் பேரு. கெட்ட எண்ணத்தோட பதிஞ்சிருக்கீங்க.”

“என்ன அட்டர்னி, சர்ச்ல என் தலையில தண்ணி ஊத்திப் பேரு வெக்கும்போதே எனக்குக் கெட்ட எண்ணமா?”

“உங்க பிறப்புச் சான்றிதழ்ல ‘லுஸ்மீரா’ன்னுல்ல இருக்கு? அது வேற பேரு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றைக்கோ ஒரு குமாஸ்தா ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுத் தொலைத்ததை இந்த மனுஷன் தோண்டி எடுத்துவிட்டாரே! பள்ளிக்கூடம் முழுக்க ‘நுரை, நுரை’ என்று கேலி பண்ணிய பெயர். இப்போதுதான் அது சோறு போடுகிறது. இப்போது போய் அது அவளுடையது இல்லையாம்.

அம்மா கோரிங் சும்மா இருக்காமல் கோப்பைப் புரட்டினாள். கம்பெனியின் புகழைக் காட்ட ஐம்பது வருட விளம்பரங்களை ஒட்டிவைத்திருந்தார்கள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவள் கை நின்றது.

“அடியே, இங்க பாரு! உன்னைத்தான் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறான் அந்த சோப்புக் கம்பெனி மேனேஜர்!”

பழைய செய்தித்தாள் படம். மேனேஜர் கையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. பக்கத்தில் கோரிங் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். கீழே, ‘எங்கள் சோப்பின் பெயர் சூட்டப்பட்ட குழந்தை லுஸ்மேரா கும்பன். பரிசு: ஒரு வருடத்துக்கு இலவச சோப்பு.’

அட்டர்னி கோப்பை வெடுக்கென்று பிடுங்கினார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“இந்தப் பக்கத்த மட்டும் எடுத்துட்டா...”

“எப்படி எடுப்பீங்க? போன வாரமே நடுவருக்கு அனுப்பியாச்சே!” என்றாள் லுஸ்மேரா.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. முகவரி அவளுக்கே. அவள் எதையும் திருடவில்லை, கம்பெனியே பரிசு கொடுத்துக் கொண்டாடிய பெயர் அது என்று நடுவர் எழுதியிருந்தார். படித்துவிட்டு லுஸ்மேரா ஓவென்று அழுதாள்.

“அழுதது போதும்டி” என்றாள் கோரிங். “அந்த நடுவர் நல்ல மனுஷனாத் தெரியுது. ஒரு வருஷத்துக்கு சோப்புன்னு சொல்லிட்டு ஆறு மாசத்தோட நிறுத்திட்டானுங்க. அதுக்கு எங்க மனு போடணும்னு அவர்ட்டயே கேளு.”