லோர்னா திறக்காத கதவு

மான் வேட்டை தொடங்கிய நாள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து அந்தச் சிறிய ஊரில் பாதிப் பேர் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறச் சட்டையில் திரிந்தார்கள். வேட் காட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தான், மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக. அவள் உட்கார வேண்டிய சீட்டில் துப்பாக்கி கிடந்தது. வெளியே எடுத்து, வண்டியின் பின்னால் வைத்துப் பூட்டினான். அதை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள்.

வாசலில் துப்பாக்கிக்காரன், கதவுகளைப் பூட்டுங்கள் என்று பள்ளி ஒலிபெருக்கி அலறியது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை லோர்னா கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளைச் சுவரோரம் உட்காரவைத்தாள். அப்போதுதான் வேட்டின் மகள் பிரிட்டா பாத்ரூம் போயிருப்பது நினைவுக்கு வந்தது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"டீச்சர், நான்தான், பிரிட்டா. தெறங்க டீச்சர்."

பூட்டிய பிறகு யாருக்காகவும் திறக்கக் கூடாது. குழந்தையின் குரலுக்குப் பின்னால் துப்பாக்கிக்காரன் நிற்கலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். லோர்னாவின் கை தாழ்ப்பாள்வரை போனது. மற்ற பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். கையை இறக்கிக்கொண்டாள். தட்டுவது நின்றபோது ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. பிறகு அவளால் மன்னிக்க முடியாமல் போனது அந்த நிம்மதியைத்தான்.

வந்தது வேட் என்று தெரிந்து கதவுகள் திறந்தன. பிரிட்டா பாத்ரூமில், கதவுக்கடியில் கால் தெரியாதபடி டாய்லெட் கோப்பைமேல் குந்தியிருந்தாள்.

"என்னப் பாத்தா பயந்தீங்க? இன்னைக்கு இந்த ஊர்ல துப்பாக்கி இல்லாத வண்டி ஒண்ணு காட்டுங்க பாப்போம்!" என்று கத்திய வேட்டின் குரல் உடைந்தது. "டீச்சருங்களுக்குத் துப்பாக்கி குடுக்கலாமான்னு கூட்டம் போட்டப்ப, மொத ஆளா வேணாம்னீங்க. இருந்திருந்தா எம்பொண்ணுக்குத் தெறந்திருப்பீங்கல்ல?"

துப்பாக்கியைப் பள்ளி வாசலுக்குக் கொண்டுவந்ததே நீங்கள்தானே என்று லோர்னாவுக்கு வாய்வரை வந்தது. ஆனால் கை இறங்கியது எதனால்? துப்பாக்கி இல்லாததாலா, தைரியம் இல்லாததாலா?

"தெரியல வேட்," என்றாள்.

"டீச்சரத் திட்டாதீங்கப்பா," என்றாள் பிரிட்டா. "நான்தான் தட்டியிருக்கக் கூடாது. சத்தம் போட்டா உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும்ல? டீச்சர்தான் சொல்லிக்குடுத்தாங்க."

குழந்தை அழுதிருந்தால், அடித்திருந்தால்கூட லோர்னாவுக்குத் தேவலை.

மறுநாள் பிரிட்டா தண்ணீர் பாட்டிலைத் தொடவே இல்லை. மதியம் லோர்னா அருகில் குனிந்து, "பாத்ரூம் போயிட்டு வாடா கண்ணு, நான் கதவுகிட்டயே நிக்கிறேன்," என்றாள்.

"வரல டீச்சர்," என்று காலை இறுக்கிக்கொண்டது குழந்தை.