வாயில்லாத ஜீவன்

நாத்தனாரின் வாயைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்? ஐயோ பாவம் என்று வாய் சொன்னது உண்மைதான். அதுவும் புருஷன் பக்கத்தில் நின்றதால் சொன்னது. பன்னிரண்டு வருஷம் அந்த நாக்கிடம் அகப்பட்டுச் சின்னாபின்னமானவளுக்குத்தான் அந்தச் செய்தியின் ருசி தெரியும்.

நடந்தது இதுதான். நாத்தனார் கம்பெனி வாசலில் வேகத்தடையைக் கவனிக்காமல் ஸ்கூட்டரோடு விழுந்தாள். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம் ஸ்ட்ரா வழியாகத்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பாலில் பழத்தைப் போட்டு அடித்து, வடிகட்டி, ஒருநாளைக்கு நாலு டம்ளர். எடை இறங்கக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் நோட்டில் எழுதிக் காட்டட்டும்.

ஆறு வாரம்! தையல்காரி காலண்டரில் நாளை எண்ணிப் பார்த்து, போதாதே என்று வருத்தப்பட்டாள்.

நாத்தனார் அவள் புருஷனுக்கு மூத்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது பத்தொன்பது வயசில் வேலைக்குப் போய், தம்பியைப் படிக்கவைத்து, லிஃப்ட் மெக்கானிக்காக ஆக்கியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் தம்பிக்கு அக்கா சொன்னால் சொன்னதுதான். அக்கா சாம்பலைக் காட்டிச் சர்க்கரை என்றால் அவன் ஸ்பூனைத் தேடுவான்.

காற்று வரட்டும் என்று கட்டிலை முன்னறையில் போட்டார்கள். தையல் மெஷினும் அங்கேதான். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டே தையல்காரி பேச ஆரம்பித்தாள். அடேயப்பா, என்ன பேச்சு! அணை உடைந்தது என்பார்களே, அதுதான். புருஷன் வேலைக்குக் கிளம்பியதும் தொடங்கினால் அவன் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்கும்வரை ஓயாது.

"எங்கம்மா வந்தன்னிக்கு, அவங்க பையைக் கீழ வெக்கறதுக்குள்ள 'எப்பப் போறீங்க'ன்னு கேட்டீங்களே அண்ணி, ஞாபகம் இருக்கா? நான் தைச்ச சட்டையையே போட்டுக்கிட்டு, நல்ல டெய்லரா பாத்துக் குடுத்திருக்கலாம்னு பக்கத்து வீட்டுல சொன்னீங்களே? இப்பச் சொல்லுங்க பாப்போம். என்ன, சத்தத்தைக் காணோம்?"

நாத்தனார் பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதி முடிப்பதற்குள் தையல்காரி அடுத்த வருஷத்துக்குப் போயிருப்பாள். நீட்டிய நோட்டை வாங்கிப் பார்க்கவும் மாட்டாள். "கையில வேலை இருக்கு அண்ணி, அப்புறம் படிக்கறேன்" என்பாள். வாழைப்பழம், மாம்பழம், சப்போட்டா என்று மாற்றி மாற்றி அடித்துக் கொடுத்தாள். குறை வைக்கவில்லை. டம்ளரோடு கூடவே ஒரு படி வசவும் போனது, அவ்வளவுதான்.

இரண்டாவது வாரக் கடைசியில் கொஞ்சம் அத்துமீறிவிட்டாள். அன்றைக்கு ஊசி முறிந்த எரிச்சல் வேறு. "உங்களைக் கட்டிக்க ஏன் எவனும் வரலன்னு இப்பத் தெரியுதா? இந்த வாய்க்குப் பயந்துதான். அன்னிக்கே யாராவது கம்பி போட்டிருந்தா இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பீங்க."

நாத்தனார் பேனாவை எடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தையல்காரிக்கே மனசு ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவா முடியும்? இவள் என்றைக்காவது கேட்டிருக்கிறாளா? மெஷினை மிதித்தாள்.

மறுநாள் காலையில் நாத்தனார் தம்பியிடம் நோட்டைக் காட்டினாள். "அன்னாசி வேணும். வீக்கம் வத்தும். நாலு மணி டம்ளருக்கு தினம் அதுவே போதும்" என்று எழுதியிருந்தது. அன்றே இரண்டு பழம் வந்து இறங்கியது.

தையல்காரி முள்தோலைத் தடிமனாகச் சீவினாள். கண் கண்ணாக நோண்டி எடுத்தாள். நடுத்தண்டை வெட்டிப் போட்டாள். துண்டுகளோடு சர்க்கரையையும் குளிர்ந்த பாலையும் சேர்த்து மிக்ஸியில் அடித்து, நார் எல்லாம் வடிகட்டியில் நிற்கும்படி கரண்டியால் தேய்த்து இறக்கினாள். ஒரு ஸ்பூன் வாயில் விட்டுப் பார்த்தாள். அமிர்தம்! இவளுக்குப் போய் இதைக் கொடுக்கிறோமே என்று நினைத்துக்கொண்டுதான் கொண்டுபோய் வைத்தாள்.

பல்லிடுக்கு வழியாக உறிஞ்சுவதால் ஒரு டம்ளரைக் குடிக்க நாத்தனாருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அன்று ஐந்து மணிக்குப் புருஷன் வரும்போது கால் டம்ளர் மிச்சம் இருந்தது. அவள் முகத்தைச் சுளித்து, டம்ளரைத் தம்பியிடம் நீட்டி, நோட்டைத் திருப்பினாள். "கசக்குது."

அவன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினான். அப்படியே சமையலறைத் தொட்டிக்கு ஓடித் துப்பினான்.

"என்ன எழவு இது? என்னத்தப் போட்ட?"

"பாலும் பழமும் சர்க்கரையும்தாங்க. நானே ருசி பாத்தேனே, தேனாட்டம் இருந்துச்சு."

"நாக்கு பொய் சொல்லுமா? இந்தா, குடிச்சுப் பாரு."

குடித்துப் பார்த்தாள். மாத்திரையைக் கடித்தது போல அடித்தொண்டைவரை கசந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தாள். கள்ளி! வலி மாத்திரையைப் பொடித்து உள்ளே போட்டிருக்கிறாள். புருஷன் அந்தப் பக்கம் போனதும் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினாள். கணக்குச் சரியாக இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

மறுநாளும் இதே கூத்து. அடுத்த நாளும். அடிக்கும்போது தேன், ஐந்து மணிக்கு வேம்பு. பழத்தை மாற்றினாள், பாலை மாற்றினாள், டம்ளரைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாள். ஒருநாள் மெஷினைப் போட்டுவிட்டு நாத்தனாரின் கையையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். நாத்தனார் கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சமர்த்தாக உறிஞ்சினாள். ஐந்து மணிக்கு மறுபடியும் கசப்பு. தையல்காரிக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அந்த வாரம் எடை மூன்று கிலோ இறங்கியிருந்தது. மற்ற டம்ளர்களையும் நாத்தனார் பாதியோடு தள்ளிவிட ஆரம்பித்திருந்தாள். புருஷன் எடை மெஷினின் முள்ளைப் பார்த்தான், அக்காவின் கழுத்தெலும்பைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைச் சமையலறைக்குள் கூப்பிட்டான். அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டான்.

"உண்மையச் சொல்லு. அக்காவுக்கு ஏதாவது கலக்கறியா?"

"என்ன வார்த்தைங்க இது?"

"அவளை உனக்குப் பிடிக்காது. எனக்குத் தெரியாதா என்ன? அதுக்காக இப்படியா?"

அன்று சாப்பாட்டுத் தட்டை நீட்டியபோது அவன் அதை வாங்கிக்கொண்டு ஒரு கணம் உற்றுப் பார்த்தான். ஒரே ஒரு கணம். பிறகு சாப்பிட்டான். தையல்காரி தன் கையைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் இந்தக் கையால் சாப்பிட்டவன்! காய்ச்சலில் கிடந்தபோது இந்தக் கை ஊட்டியதைத் தின்றவன்! நாத்தனார் ஆயிரம் சொல்லட்டும், அது பழகிப்போனது. இவன் தட்டைப் பார்த்துவிட்டான். இதை எப்படித் துடைப்பது? அது ஒன்றுதான் இனி அவளுக்கு வேண்டும். நான் எதையும் கலக்கவில்லை என்று இந்த மனுஷன் நம்ப வேண்டும்.

மறுநாள் மதியம், நாத்தனார் தூங்கிக்கொண்டிருந்தபோது, கம்பெனியிலிருந்து ஒரு பெண் பார்க்க வந்தாள். சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே மேடைமேல் இருந்த பழத்தைப் பார்த்தாள்.

"ஜூஸ் போடவாக்கா?"

"மில்க் ஷேக்."

"வேக வெச்சுத்தானே போடுறீங்க? பச்சையாப் போட்டுடாதீங்க. பால்ல அன்னாசி பச்சையாப் பட்டா அரை மணி நேரத்துல கசக்க ஆரம்பிச்சிடும். உடனே குடிச்சாத் தெரியாது."

தையல்காரி கத்தியைக் கீழே வைத்தாள். "உனக்கு யார் சொன்னா?"

"மேடம்தான்!" அந்தப் பெண் முன்னறைப் பக்கம் கையைக் காட்டினாள். "எங்க கம்பெனியில ஐஸ்கிரீமுக்குப் பழம் வேக வெக்கற செக்‌ஷன்ல ஒம்பது வருஷம் இருந்தாங்களே, தெரியாதா? வேலைக்குச் சேந்த முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. ஒருதரம் நான் வேக வெக்க மறந்து ஒரு டிரம் பாலே வீணாப்போச்சு. மேடம் திட்டின திட்டு இருக்கே, இன்னும் காதுல கேக்குது."

தெரியாதுதான். நாத்தனார் கம்பெனிக்குப் போகிறாள், வருகிறாள். அங்கே என்ன வேலை பார்க்கிறாள் என்று தையல்காரி பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பெண் போனதும் நேராகக் கட்டிலுக்குப் போனாள். நாத்தனார் விழித்துத்தான் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"தெரிஞ்சே குடிச்சீங்களா? தினம் அந்தக் கசப்பை? எடை குறைஞ்சு எலும்பும் தோலுமா ஆனாலும் பரவாயில்ல, நான் கெட்டவளாகணும். அப்படித்தானே?"

நாத்தனார் நோட்டை எடுத்தாள். இந்தத் தடவை தையல்காரி காத்திருந்து, வாங்கிப் படித்தாள்.

"ரெண்டு வாரம் நீ பேசினதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல? எனக்கு வாய் இருந்துச்சா?"

படித்து முடிப்பதற்குள் நாத்தனார் அந்தத் தாளைப் பிடுங்கி, கிழித்து, பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளருக்குள் போட்டு விரலால் அமுக்கினாள். மை நீலமாகக் கரைந்தது. இவளா வாயில்லாதவள்? இவளுக்கா கம்பி போட்டார்கள்?

ஆனாலும் கையில் துருப்பு கிடைத்துவிட்டது. அன்று அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பிறகு பால் சேர்த்து அடித்தாள். நாலு மணிக்குக் கொடுத்தாள். நாத்தனார் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். பசி யாரை விட்டது?

ஐந்து மணிக்குப் புருஷன் வந்தான். காலி டம்ளரைப் பார்த்தான். "இன்னிக்கு எப்படிக்கா?"

நாத்தனார் எழுதினாள். "நல்லா இருந்துச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம்."

அவன் முகம் மலர்ந்தது. அதே முகத்தோடு பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா? மனசு வெச்சா உன்னால நல்லாப் போட முடியுது இல்ல?"

தையல்காரி எல்லாவற்றையும் கொட்டினாள். அன்னாசி, பால், வேகவைப்பது, கம்பெனிப் பெண், தண்ணீரில் கரைந்த தாள். அவன் கேட்கக் கேட்க அவளுக்கே தன் குரல் பொய்க்காரி குரலாகப் பட்டது.

"நிறுத்து. வாயில்லாத ஜீவன் மேலயே பழியப் போடுறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்க!"

"உங்க சண்டைய அக்கா வேலை பாக்கற இடத்துல போய்ச் சந்தி சிரிக்க வெக்கணுமா?"

"வேணாம். இங்கயே காட்டுறேன். இப்பவே பச்சையா ஒரு டம்ளர் போடுறேன். கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காருங்க. ஒரு மணி நேரம். தானாக் கசக்குதா இல்லையான்னு பாருங்க."

அவன் அவளை நிதானமாகப் பார்த்தான். "ஆக, எப்படிப் போட்டாக் கசக்கும்னு உனக்கு நல்லாத் தெரியும்."

அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது? அவன் சமையலறைக்குள் போய், அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, கழுவி, அடுப்பிலிருந்து தானே பரிமாறிக்கொண்டான். அவள் தனக்கென்று எடுத்துவைத்திருந்த பாத்திரத்திலிருந்து.

மறுநாள் காலையில் நோட்டில் "வாழைப்பழம்" என்று எழுதியிருந்தது. அன்னாசியின் வேலை முடிந்துவிட்டது.

தையல்காரி இரண்டு பழத்தை உரித்துப் போட்டு, பாலும் சர்க்கரையும் வழக்கத்தைவிடத் தாராளமாக ஊற்றி அடித்தாள். டம்ளரை நாத்தனாரின் கையில் வைத்து, ஸ்ட்ராவை நிமிர்த்திவிட்டாள். கம்பி வெட்ட இன்னும் பத்தொன்பது நாள். அந்த வாய் மூடியதற்குச் சந்தோஷப்பட்டவள், காலையில் எழுந்ததும் அதைத்தான் எண்ணினாள்.

"ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிங்க அண்ணி. உடம்பு தேறணும். அந்த வாய் திறக்கற அன்னிக்கு உங்க தம்பியை நடுவுல உக்கார வெச்சு நாம பேசணும். நான் கேப்பேன், நீங்க உங்க வாயால பதில் சொல்லணும். எழுதறதெல்லாம் கிடையாது."

நாத்தனார் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு ஸ்ட்ராவை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, நோட்டை மடியில் இழுத்து, அவசரமே இல்லாமல் எழுதினாள்.

"அவன் யாரை நம்புவான்னு இன்னுமா உனக்குத் தெரியல?"

அந்தத் தாளை அவள் கிழிக்கவில்லை. ஸ்ட்ராவைப் பல்லிடுக்கில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தாள்.