பெரியவரிடம் படித்த இங்கிலீஷ்

விலங்கு மருத்துவமனையில் வேலை என்று சொன்னால் எல்லோரும் என்னை நர்ஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் நான்கு வருடமாக அதை மறுத்ததில்லை. உண்மையில் நான் அங்கே துடைப்பம் பிடித்தவள். முன்பக்கம் டாக்டரம்மாவின் அறை, பின்பக்கம் வார்டு, வார்டில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு கூண்டுகள். உதவியாளர் ஒரு கூண்டிலிருந்து விலங்கை வெளியே எடுத்த பிறகு நான் போய்க் கழுவி, மருந்து தெளித்து, துடைத்துவிட்டு வர வேண்டும். துப்புரவுப் பணியாளர்கள் எந்த விலங்கையும் தொடக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஒரு கூண்டின் நோய் இன்னொரு கூண்டுக்குப் போய்விடுமாம். நியாயம்தான். ஆனால் ஒரு குட்டி கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி முனகும்போது நியாயம் பார்த்துக்கொண்டு நின்றால்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

தொடக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. பேசக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. ஆகவே பேசினேன். முதலில் தமிழில் பேசினேன். ஒரு நாயும் மதிக்கவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. நம் ஆட்கள் பெண்டாட்டியிடமும் பிள்ளையிடமும் தமிழிலேயே சண்டை போடுவார்கள், நாயைக் கண்டதும் மட்டும் துரை ஆகிவிடுவார்கள். ‘சிட்’, ‘கம்’, ‘நோ’. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டைவிட்டவர்கூட நாயிடம் இங்கிலீஷ்தான். இப்படியாக, வார்டிலிருந்த அத்தனை நாய்களுக்கும் என்னைவிட இங்கிலீஷ் அதிகம் தெரிந்திருந்தது.

அவர்களில் மூத்தவர் ஐந்தாம் கூண்டுப் பெரியவர். பழுப்பு நிறம், நரைத்த முகம், இடுப்பில் கோளாறு. வளர்த்தவர்கள் வெளிநாடு போகும்போது இரண்டு வாரத்துக்கு என்று விட்டுப் போனார்கள். அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. டாக்டரம்மா அவரைத் தானே வைத்துக்கொண்டார். பெரியவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். சோற்றைத் தொட மாட்டார். ஒருநாள் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“ஈட்! ப்ளீஸ் ஈட்!” என்று கத்தினேன்.

ஒரு காது மட்டும் எழுந்தது. அன்றைக்கு நாலு வாய் சாப்பிட்டார். மறுநாள் கூட இரண்டு வார்த்தை தேடிக்கொண்டு போனேன். அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வானிலை, பஸ் நெரிசல், என் வீட்டுக்காரரின் குறட்டை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். இரண்டே மாதத்தில் நான் வந்து நின்றால் இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். கம்பியோரம் தலையைக் கொண்டுவந்து வைப்பார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

அப்போதுதான் வார்டு உதவியாளர் கல்யாணமாகிப் போனாள். அந்த இடம் காலி.

“எனக்குக் குடுங்களேன் டாக்டரம்மா,” என்றேன்.

“எனக்கும் ஆசைதான். மருந்துச் சீட்டு, கம்பெனி போன் எல்லாமே இங்கிலீஷ். பேச்சுத் தேர்வு சர்டிபிகேட் இல்லாம எடுக்கக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள வாங்கிட்டு வாங்க. இல்லன்னா வெளியாள எடுத்துருவாங்க,” என்றார்.

எனக்குப் பதவி மேல் ஒன்றும் பெரிய மோகம் இல்லை. அந்த வேலையில் இருப்பவர்கள் விலங்கைத் தொடலாம். அது ஒன்று போதும்.

மாலை வகுப்பில் சேர்ந்தேன். தேர்வில் மூன்று நிமிடம் தடையில்லாமல் பேச வேண்டும். தலைப்பு, மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் உள்ள உறவு. பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக நினைத்தேன். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். இருபத்திரண்டு வரியில் ஒரு கட்டுரை எழுதித் தந்தாள். பசு பால் தருகிறது, நாய் வீட்டைக் காக்கிறது, விலங்குகள் நம் நண்பர்கள் என்று போகும்.

“அம்மா, நீ எதையும் சொந்தமா சேர்க்காத. இத அப்படியே ஒப்பிச்சுட்டு வந்துரு,” என்றாள்.

“ஏன், என் சொந்தத்துக்கு என்ன கொறச்சல்?”

“நீ ஒரு வாக்கியம் பேசினா அதுல மூணு தப்பு இருக்கும்மா.”

அவள் சொன்னது உண்மை. ஆனாலும் முறைத்துவிட்டுத்தான் மனப்பாடம் செய்தேன்.

தேர்வு அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசை மேல் ஒலிப்பதிவுக் கருவி. அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே தேர்வு அதிகாரி. ஆறடி உயரம், கட்டை மீசை, சிரிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தொடங்கச் சொல்லித் தலையசைத்தார். பசு பால் தந்தது. நாய் வீட்டைக் காத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மீதி இருபது வரியும் எங்கே போயினவோ, காணோம்.

அவர் காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கருவியை நிறுத்தக் கையை நீட்டினார். சிவப்பு விளக்கு அணைந்தால் எல்லாம் போச்சு. ஐந்தாம் கூண்டுக்கு வேறு யாரோ வந்துவிடுவார்கள். என் வயிற்றிலிருந்து வார்டுக் குரல் கிளம்பியது.

“நோ! ஸ்டே!”

கை அந்தரத்தில் நின்றது.

“சிட்.”

உட்கார்ந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், உட்கார்ந்தார்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. சொன்னதைக் கேட்டுவிட்டால் அந்த நொடியே பாராட்டிவிட வேண்டும். தாமதித்தால் எதற்குப் பாராட்டு என்று அதற்குப் புரியாது. யோசிப்பதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது.

“குட் பாய்,” என்றேன். “வெரி குட் பாய்.”

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அவர் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“நீங்கள் வழக்கமாக யாரோடு இங்கிலீஷ் பேசுவீர்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

இனி இழக்க என்ன இருக்கிறது? உள்ளதைச் சொன்னேன். ஒன்பது நாய்கள் சார், இரண்டு பூனைகள். ஒரு முயலும் உண்டு, ஆனால் அது காதில் போட்டுக்கொள்ளாது. பிறகு பெரியவரைப் பற்றிச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்தது, ஒரு காது எழுந்தது, நாலு வாய் சாப்பிட்டது எல்லாம். வாக்கியத்துக்கு மூன்று தப்பு என்பது மகள் போட்ட கணக்கு. அன்றைக்கு ஐந்தாறு இருந்திருக்கும். நிறுத்தவே இல்லை.

“அந்த நாய்க்கு உங்கள் இங்கிலீஷ் புரிகிறதா?” என்றார்.

“உங்களுக்கே புரிந்துவிட்டதே சார்,” என்றேன்.

மனிதர் சிரித்துவிட்டார். மேசை ஆடுகிற சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தச் சான்றிதழ் எதற்கு என்று கடைசியாகக் கேட்டார்.

“அவரை நான் இதுவரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை சார். தொடுவதற்குத்தான்.”

அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். வெளியே வந்து மணி பார்த்தேன். மூன்று நிமிடத் தேர்வுக்கு நான் பதினான்கு நிமிடம் எடுத்திருந்தேன்.

பத்து நாள் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் இதைத் தன் வாழ்நாளின் அதிர்ஷ்டம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். கடிதம் வந்ததும் பிரிக்கப் பயந்து மகளிடம் கொடுத்தேன். அவள் படிக்கப் படிக்க முகம் மாறியது.

“இலக்கணம் ரொம்ப சுமார்னு போட்டிருக்காங்க. உச்சரிப்பும் சுமார்.”

“சரி விடு.”

“இரும்மா, இன்னும் இருக்கு. ‘கேட்பவருக்குப் புரியும் என்ற முழு நம்பிக்கையோடு பேசுகிறார். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.’ அம்மா, நீ பாஸ்!”

என் தப்பை எண்ணும் மகள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவள் அப்பா அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டு ஓடிவந்தார். அன்றைக்கு யாரையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை உதவியாளரின் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனேன். கைகளை இரண்டு முறை கழுவினேன். பெரியவரிடம் சொல்ல நல்ல இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றை மகளிடமே திருத்தி வாங்கி வைத்திருந்தேன். மண்டியிட்டு ஐந்தாம் கூண்டைத் திறந்தேன். வழக்கம்போல் தலையைக் கம்பியோரம் வைக்க வந்தவர், அங்கே கம்பி இல்லாததால் நேரே என் மடியில் வந்து விழுந்தார். தலை இவ்வளவு கனம் என்று நான் நினைத்ததே இல்லை. முடி சொரசொரப்பாக இருந்தது, காதுக்குப் பின்னால் மட்டும் பட்டுப்போல். அங்கேயே கையை வைத்தேன். அவர் நீளமாக மூச்சுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தயாரித்து வைத்த வாக்கியம் வரவில்லை. தமிழும் வரவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று நினைவில்லை. மற்றக் கூண்டு நாய்களெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் குரைத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் குரைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.