பன்னிரண்டு மீட்டர்கள், ஒரு பொத்தான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. என் முட்டாள்தனத்தில் பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இயந்திரங்களின் யுகத்தில் மனிதன் என்பவன்—' எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம் பரவாயில்லை: மாப்பிள்ளைக்கு நுரையீரல் கெட்டுவிட்டது.

2

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். இருபது வருடம் பூச்சிமருந்து அடித்த நெஞ்சு. இனி மருந்தடிக்கும் கூடாரத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சும்மா இருப்பது அவருக்கு ஆகாது. வீட்டில் குழாய் சொட்டினாலும் கோபம், சொட்டாவிட்டாலும் கோபம்.

தங்கை எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். மருந்துத் தொட்டி சுமக்கும் நாலு சக்கர வண்டி ஒன்றைச் செய்தாள். அவர் வெளியே உட்கார்ந்து போனிலேயே ஓட்டலாம். நடுவே இணையத்தில் ஒரு டாஷ்போர்டு தளம் வேண்டும்: இவர் அழுத்துவதை வண்டிக்குச் சொல்ல, வண்டியின் நிலவரத்தை இவருக்குக் காட்ட. மூன்று தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நீயே தேர்ந்தெடு அண்ணா. உனக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்."

(இந்த வரியை நீக்கலாமா என்று யோசித்தேன். அவள் படிப்பாள்; விட்டுவைக்கிறேன்.)

மாப்பிள்ளை தன் பங்குக்குச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை இது ஓடலேன்னா, மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு நானே உள்ள போறேன்." சொன்னதைச் செய்கிற ஆள். அதுதான் பயமே.

3

முதல் தளம் மொட்டை: நாலு அம்பு, ஒரு 'நிறுத்து', மூலையில் ஒரே ஒரு மீட்டருக்கு இடம். இரண்டாவதை நம் கணினியிலேயே நிறுவ வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. மூன்றாவது, அடடா, என்ன அழகு! வட்ட வட்டமாய் மீட்டர்கள், துள்ளும் முள்கள். அதுதான் என்றேன். பேட்டரி, தொட்டி, வெப்பம், ஈரம் என்று பன்னிரண்டு மீட்டர் வைக்கச் சொன்னேன். எல்லாம் நொடிக்கொரு தரம் மாற வேண்டும். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு இத்தனை செய்திதான், முள் ஒரு தரம் அசைந்தாலும் ஒரு செய்தி என்ற பொடி எழுத்தைத் தங்கை காட்டினாள். வர்ணனை இல்லாமல் என்ன கதை என்று நான் அடித்துப் பேசினேன்.

[என் நாவல் ஒன்றில் கதாநாயகன் வாசலைத் தாண்டவே நாற்பது பக்கம் ஆகும்.]

'அண்ணன் பேச்சைத் தட்டாத தங்கை' என்று எழுதியிருந்தேன். "வாய் வலிச்சு விட்டுட்டேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

4

ஞாயிறு. தொட்டியில் வெறும் தண்ணீர்தான். மூன்று வரிசை ஒழுங்காக நனைந்தது. நான் முள்களைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். நாலாவது வரிசைக் கோடியில் மாப்பிள்ளை 'நிறுத்து' அழுத்தினார். வண்டி நிற்கவில்லை. என் பன்னிரண்டு முள்களும் காலையிலிருந்து துள்ளியே அன்றைய செய்திகளைத் தீர்த்துவிட்டன. 'நிறுத்து' என்ற ஒரு சொல் போக வழியில்லை. கடைசியாகக் கேட்ட 'போ'வையே பிடித்துக்கொண்டு, நாற்றுத் தட்டுகளைச் சாய்த்து, கூடாரத்தின் வலையைக் கிழித்துக்கொண்டு போனது.

(வண்டி ஓர் ஆள்மீது பாய்வதாகவும் ஒரு வரைவு உண்டு. உள்ளே யாருமே இல்லை. அடித்துவிட்டேன்.)

மாப்பிள்ளை எழுந்து துணியைத் தேடினார். தங்கை வழிமறித்து நின்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்து வெகுநாளாயிற்று.

"தப்பு என்னோடது மாப்பிள்ளை. அவளுக்கு இன்னும் ஒரு வாரம் குடுங்க" என்றேன்.

5

மொட்டைத் தளத்துக்கே மாறினோம். அதில் நாளுக்கு இத்தனை என்ற கட்டுப்பாடு இல்லை. என் பன்னிரண்டு மீட்டர் பட்டியலில் பதினொன்றை என் கையாலேயே அடித்தேன். தொட்டி மட்டும் மிச்சம். வண்டிக்குள்ளும் தங்கை ஒரு சின்ன மாற்றம் செய்தாள்.

"இனிமே விரலை வெச்சிருந்தாத்தான் போகும். போன்லேர்ந்து ஒரு நொடி பேச்சே வரலேன்னா, தானா நின்னுடும்."

அடுத்த ஞாயிறு, நிஜ மருந்து. நாலாவது வரிசைக் கோடியில் அவர் விரலை எடுத்தார். வண்டி நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு துணியை எடுத்து, போனின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மறுபடி விரலை வைத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றும் தேவையில்லாத பதின்மூன்றாவது மீட்டர்கள். தங்கை படித்துவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை.

கூடாரத்தில் இன்னும் இருபத்திரண்டு வரிசை இருக்கிறது. விரல் உங்களுடையது.