சாய்ந்து இருக்கவும்

வின்சன்ற் அந்த நாலு சில்லு குவாட் வண்டியை வேனிலிருந்து இறக்கியபோதே ஜெயமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாளைக்கு முன்னர் அவளுடைய கணவன் அன்புராசாவின் மேல் குப்புற விழுந்தது அதே வண்டிதான். அவன் இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். வண்டிக்கு வளைந்தது ஹாண்டில் மட்டும்.

யூனியன்விலுக்கு வடக்கே ஓர் அப்பிள் தோட்டத்துக்கு மோர்னிங்சைட்டிலிருந்து ஆட்களை ஏற்றிப்போய் வேலை வாங்குபவர் வின்சன்ற். அன்புராசாவும் அந்த ஆட்களில் ஒருவன். ஜெயமலர் ஊரில் பௌதிக ரீச்சர். இங்கே அஜின்கோர்ட்டில் ஒரு வெல்டிங் ஷொப்பில் மூன்று வருசமாக இரும்பு ஒட்டுகிறாள்.

"ஹாண்டிலை நிமித்தித் தா, தங்கச்சி. திங்கக்கிழமை மரங்களுக்கு மருந்தடிக்க வேணும்."

"ஆர் ஓடுறது?"

"நான்தான். வேறை ஆர் இப்ப உதிலை ஏறுவினம்?"

"அவர் எப்பிடி விழுந்தவராம்?"

வின்சன்ற் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சொன்னபடி ஓடேல்லை எண்டு முதலாளி விபத்து அறிக்கையிலை எழுதப்போறான். பாதுகாப்புக் கடதாசி தமிழிலையே குடுத்தனாங்கள். அன்பு வாசிச்சுக் கையெழுத்தும் வைச்சவன்."

அவர் நீட்டிய கடதாசியில் நாலாவது வரியில் ஜெயமலரின் கண் நின்றது. 'மேட்டில் ஏறும்போது சாய்ந்து இருக்கவும்.'

"ஆர் உதை எழுதினது?"

"நான்தான். இங்கிலிசிலை மேட்டுப் பக்கம் 'லீன்' பண்ணு எண்டு கிடந்தது. லீன் எண்டால் சாயிறதுதானே."

சாய்ந்து இரு என்றால் நம் ஆட்களுக்கு ஒரே படம்தான் மனதில் வரும். வேலை முடிந்து வந்து முதுகைக் கதிரையில் போடுவது.

"ஏறுங்கோ," என்றாள் ஜெயமலர்.

தரையில் கிடந்த நீளமான இரும்புத் தகட்டில் வண்டியை ஏற்றி, பின்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தளர்வான சங்கிலியால் தகட்டோடு பிணைத்தாள். இருக்கைக்குப் பின்னாலிருந்த பூச்சிமருந்துத் தாங்கியில் பாதிக்குத் தண்ணீர் விட்டாள். வின்சன்ற் ஏறி இருந்ததும் தகட்டின் முன்முனையைக் கப்பியில் கொழுவி மெல்ல மெல்ல உயர்த்தினாள். தகடு ஒரு குன்றாயிற்று.

"இப்ப உங்கடை கடதாசி சொல்லுற மாதிரி இருங்கோ."

வின்சன்ற் சிரித்துக்கொண்டு தாங்கியில் முதுகைச் சாய்த்தார். "சோபா மாதிரி இருக்கு, பிள்ளை."

அவள் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தாள். தாங்கித் தண்ணீர் சளக்கென்று பின்னுக்கு ஓடியது. முன்சில்லு இரண்டும் சத்தமில்லாமல் தகட்டை விட்டு எழும்பின. சங்கிலி விறைத்துப் பிடித்திராவிட்டால் வண்டி அவர் நெஞ்சில்தான் இறங்கியிருக்கும். வின்சன்ற் ஹாண்டிலைக் கட்டிப்பிடித்தார்.

"இனி முன்னுக்குக் குனியுங்கோ."

குனிந்தார். சில்லுகள் டொக்கென்று தகட்டில் இறங்கின. சரிவு மாறவில்லை. மாறியது மனிதனின் பாரம் இருந்த இடம்தான். வண்டி, தண்ணீர், மனிதன் மூன்றின் பாரமும் சேரும் புள்ளியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால், அது பின்சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும்வரை வண்டி நிற்கும். பின்னால் போனால் புரளும். வழுக்கும் புல்லும் வேகமும் அதற்கு மேல்.

"அண்ணை, அவர் நீங்கள் எழுதினதை ஒரு எழுத்து மாறாமல் செய்தவர். அதுக்குத்தான் இப்ப பிழை அவரிலை."

வின்சன்ற் ஹாண்டிலை விடவில்லை. "நானும் அப்பிடித்தான் ஓடுறதெண்டு நினைச்சனான், பிள்ளை."

"அதை முதலாளிக்கு எழுதுங்கோ. இங்கிலிசிலை."

"எழுதினால் என்ரை வேலை போயிடும்."

"அவருக்கு இடுப்பே போயிட்டுது." அவள் கப்பிச் சங்கிலியைக் கையில் சுற்றினாள். "நீங்கள் எழுதுமட்டும் வண்டி இஞ்சைதான். அந்தரத்திலை."

வின்சன்ற் பேனை கேட்டார். ஹாண்டிலின் மேலேயே கடதாசியை வைத்து நாலாவது வரியை வெட்டி, 'முன்னுக்குக் குனியவும்' என்று எழுதினார். மறுபக்கத்தைத் திருப்பி, பிழையான வரியை எழுதியது தானே என்று இங்கிலிசில் ஒவ்வொரு சொல்லாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஜெயமலர் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். கோபம் இறங்கவில்லை. ஒரு தடித்த இரும்புக் குழாயை இழுத்துப் போட்டாள்.

"உது ஏன்?"

"இருக்கைக்குப் பின்னாலை வளைவாய் நிக்கும். வண்டி புரளுறதை இது மறிக்காது. ஆனால் புரண்டால் இதுதான் முதல்லை நிலத்திலை குத்தும். கீழை ஆளுக்கு இடம் மிஞ்சும்."

"ஆரின்ரை உயரத்துக்கு வெட்டப்போறாய்?"

"உங்கடை. திங்கக்கிழமை நீங்கள்தானே ஓடுறியள்." அவள் அளவு நாடாவை இழுத்தாள். "நிமிந்து இருங்கோ."