டிரேவரின் பாம்பு

நாவலில் வந்த பாம்பை மலைப்பாம்பு என்றே சிந்தியா நம்பியிருந்தாள். அமேசான் காட்டில் நடக்கும் நாவல் அது, தமிழில் படித்தாள். மரவள்ளிக்கிழங்கைத் துருவிய பெண்கள் அதைப் 'பாம்புக்கு ஊட்டி'ப் பிழிந்தார்கள் என்று வந்தது. சர்ச்சில் எல்லோரிடமும் கண்கள் விரியச் சொல்லியும்விட்டாள். கடைசிப் பக்கத்துக் குறிப்பைப் பிறகுதான் பார்த்தாள். பாம்பு என்பது பிரம்பில் பின்னிய நீண்ட பை. இழுத்தால் நீளும், நீண்டால் இறுகும், சாறு வடியும்.

அதற்குள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகை விற்பனைக்கு, நாவலில் வரும் அந்த மரவள்ளி ரொட்டியைச் சுட்டு விற்பதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பெண்கள் சங்கத் தலைவி மௌரீன் ஆன்ட்டி கறாராகச் சொல்லியிருந்தார்: "சனிக்கிழம அஞ்சு மணிக்கு ஒரு ரொட்டி என் கையில இருக்கணும். இல்லன்னா உன் டேபிள் ஊறுகாய்க்குப் போயிடும்."

சனிக்கிழமை, மணி மூன்று. சிவாஜிநகரில் வாங்கிய இரண்டு கிலோ கிழங்கையும் தோல் சீவித் துருவிவிட்டாள். துணியில் கட்டிக் கை கடுக்க முறுக்கியும் ஈரம் போகவில்லை. தோசைக்கல்லில் போட்டதும் களியாகி அப்பிக்கொண்டது.

பக்கத்தில் அவள் அண்ணன் டிரேவர், மறுநாள் ஆபீஸ் மேட்சுக்கு வாங்கிய கால்பந்து ஸ்டாக்கிங்ஸைப் பிரித்து இழுத்துப் பார்த்தான். அது நீண்டது. நீண்டு இறுகியது.

"அண்ணா, அதுல ஒண்ணு குடு."

"எதுக்கு?"

"பாம்புக்கு."

"லூசாடி நீ? கோல்கீப்பர் ஒத்தக் கால்ல ஸ்டாக்கிங் போட்டுட்டு நிப்பானா?"

"எப்படியும் கோல் விடத்தான் போற. கால்ல என்ன இருந்தா என்ன?"

முறைத்தான், பிறகு சிரித்துவிட்டான். வெந்நீரில் அலசிய ஸ்டாக்கிங்கில் துருவலை அடைத்து ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். கீழ்முடிச்சில் பழைய கிரிக்கெட் ஸ்டம்ப் ஒன்றைக் குறுக்கே கோத்தாள் சிந்தியா.

"தள்ளு. நீ மிதிச்சா எறும்புகூட சாவாது" என்று டிரேவரே ஸ்டம்பின் மேல் ஏறி நின்றான். பால் போன்ற சாறு பேசினில் சொட்டியது. எட்டிப் பார்த்த அப்பா ஹெர்பர்ட், "யார் காலுடா அது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

பிழிந்ததை உதிர்த்துச் சலித்து, காய்ந்த கல்லில் வட்டமாகப் பரப்பினாள். எண்ணெயில்லை, தண்ணீரில்லை. மணல் மணலாக இருந்தது மெல்ல ஒன்றையொன்று பற்றிக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். உடையவில்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மௌரீன் ஆன்ட்டி ஒரு விள்ளலை வெகுநேரம் மென்றார்.

"எந்தப் பாம்புடி பிழிஞ்சுது?"

"ஒம்பதாம் நம்பர் சைஸ், ஆன்ட்டி" என்றான் டிரேவர். "புதுசு. இன்னும் கால்ல போடல."

மெல்வது நின்றது. ஆன்ட்டி அவன் காலைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், இன்னொரு விள்ளல் பிட்டார்.

"ஊறுகாயும் உன் டேபிள்லயே ஒரு ஓரமா வெச்சிக்கோ. இதுக்குத் தொட்டுக்க ஏதாச்சும் வேணும்."