எலும்பு டாக்டரிடம் வாங்கிய நேரம்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். ஆஸ்பத்திரிக்கு போன் செய்தபோது என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். பக்கத்தில் ஆள் இருந்ததால் இடுப்பு வலி என்றேன். எலும்பு டாக்டரிடம் வியாழன் காலை நேரம் கொடுத்துவிட்டார்கள். என் தொந்தரவு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே.

இதை எழுதியவனுக்குத் தையல் கூடத்தில் டேப்பு என்று பெயர். சட்டைக் காலரை மூன்று முறை அளந்துவிட்டுத்தான் ஊசியை இறக்குவான். வேலை முடிந்து போகும் மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொன்னதிலிருந்து அந்த அளவெடுக்கும் புத்தி தாளுக்கும் தாவிவிட்டது. பதினேழு நாள் வலி, அதில் ஒன்பது நாள் ரத்தம், எல்லாம் தேதிவாரியாக இருந்தது. இது பெரிய வியாதியாக இருந்துவிட்டால் என்ற வரியை மட்டும் எழுதி எழுதி அடித்திருந்தான்.

புதன்கிழமை, தேநீர் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது துணிக்கட்டு எடுக்கும் சாக்கில் எழுந்து ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் செய்தான். அறுபது மெஷின்கள் போடும் சத்தத்தில் யார் காதிலும் விழாது. ஐந்து நிமிடம் தாராளம். ஆனால் ஆஸ்பத்திரியில் முதலில் பாட்டுப் போடுவார்கள் என்பதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு நிமிடம் பாட்டு ஓடியது.

"சொல்லுங்க சார்?"

"நேத்து தப்பா சொல்லிட்டேன் மேடம். இடுப்பு இல்ல."

"கேக்கல சார், சத்தமா சொல்லுங்க."

டேப்பு கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். "மூலம்! ரத்தம் வருது!"

அவன் கத்துவதற்கு ஒரு நொடி முன்பே மணி அடித்திருந்தது. அறுபது மெஷின்களும் ஒன்றாய் நின்றிருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"இதுக்காடா ரெண்டு வாரமா மெஷின் முன்னாடி நெளிஞ்சே? காதல்னு நெனச்சேன்."

அப்போதுதான் கூடம் சிரித்தது. பட்டன் தைக்கும் அக்கா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பஞ்சு மெத்தையைத் தூக்கிக் காட்டினாள்.

"இது எதுக்குன்னு நெனச்ச தம்பி? சிம்மாசனமா? மரப்பலகையில பத்து மணி நேரம் உக்காந்தா யாருக்குத்தான் வராது? நானும் சாகப்போறேன்னுதான் அழுதேன். பாத்துட்டு மருந்து குடுத்தாங்க. அதோட சரி."

"டாக்டரு ஆம்பளையா..."

"பொம்பள டாக்டர்தான். உன் மூஞ்சிய அவங்க ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க, பயப்படாதே."

மாஸ்டர் குனிந்து சிரித்ததில் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டி உருண்டோடியது.

கையிலிருந்த போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "சார், எத்தனை நாளா இருக்கு?"

டேப்பு பையிலிருந்த தாளைப் பிரித்துத் தேதி தேதியாக வாசித்தான். குரல் தானாகவே நிதானப்பட்டிருந்தது.

"இவ்வளவு சரியா யாருமே சொன்னதில்ல சார். அந்தத் தாளை அப்படியே கொண்டு வாங்க. அதே வியாழன், ஒன்பதரை. எலும்பு டாக்டரை நான் கேன்சல் பண்ணிடறேன்."

அன்று மாலை அவன் எழுதியது சின்னக் குறிப்பு. அடித்தல் எதுவும் இல்லை.

மார்ச் 12, புதன். அக்கா மெத்தையைக் கடன் கொடுத்தார். நாளை: ஒன்பதே காலுக்குள் ஆஸ்பத்திரி. தாள், சாப்பிட்ட மாத்திரை அட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டதும் முதலில் மூலம் என்று சொல்ல வேண்டும்.